சாலையோரக் கால்தடக் கணக்கெடுப்பு: தன்னார்வலருக்கான முழுமையான வழிகாட்டி

வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கும் விலங்கு எல்லார் கண்ணிலும் படுகிறது. ஆனால் அதே இடத்தில் அதே இரவில் எத்தனை விலங்குகள் சாலையைப் பத்திரமாகக் கடந்தன, எத்தனை விலங்குகள் தார் விளிம்புவரை வந்து விளக்கு வெளிச்சத்துக்கு மிரண்டு திரும்பின என்பதை அந்தச் சடலம் சொல்லாது. அதற்குச் சாலையோர மண்ணைத்தான் பார்க்க வேண்டும். மேம்பாலமோ சுரங்கவழியோ வேலியோ எங்கே அமைத்தால் பயன் கிடைக்கும் என்று முடிவெடுப்பவர்களுக்கு இந்த இரண்டு கணக்குகளும் தேவை.

அடிபட்ட விலங்குகளே தென்படாத சாலைப்பகுதி ஒன்று இருந்தால், அது பாதுகாப்பான இடமாக இருக்கலாம். எந்த விலங்கும் நெருங்கத் துணியாத இடமாகவும் இருக்கலாம். நாளொன்றுக்கு 10,000 வாகனங்களுக்கு மேல் ஓடும் சாலை பெரும்பாலான விலங்கினங்களுக்குத் தாண்ட முடியாத சுவராகிவிடுகிறது என்று 2003இல் ஐரோப்பிய நாடுகள் கூட்டாக வெளியிட்ட கையேடு ஒன்று குறிப்பிடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் தடங்கள் இருந்து அந்தப் பக்கம் இல்லாமல் போனால்தான் சுவர் இருப்பதே தெரியவரும். அதைக் கண்டறிவதற்கு விலையுயர்ந்த கருவிகளைவிட, ஒரே பகுதியை ஒரே முறையில் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கும் பொறுமையான ஆட்களே அதிகம் தேவைப்படுகிறார்கள்.

முதலில் கேள்வியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கணக்கெடுப்புக் குழுவில் சேரும்போது, அந்தக் குழு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். புதிய சாலை வருவதற்கு முன்னால் விலங்குகள் நடமாடும் வழிகளை அறிவது ஒரு வகை வேலை. ஏற்கெனவே கட்டப்பட்ட சுரங்கவழியை அவை பயன்படுத்துகின்றனவா என்று பார்ப்பது வேறொரு வகை. முதல் வகையில் நீங்கள் பல கிலோமீட்டர் நடப்பீர்கள், இரண்டாவதில் சாலைக்கு அடியில் நீர் செல்லும் ஒரே மதகின் வாயிலுக்கு மாதக்கணக்கில் போய்க்கொண்டிருப்பீர்கள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை முன்பே முடிவு செய்வது நல்லது, ஏனெனில் பாதியில் நின்றுபோகும் கணக்கெடுப்பால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

சாலையோர நிலம் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறைக்கோ வனத்துறைக்கோ தனியாருக்கோ உரியதாக இருக்கும். எழுத்துபூர்வமான அனுமதியின் நகல் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். ஒளிரும் மேலங்கியுடன் சாலையோரம் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கண்டு வண்டியை நிறுத்தி விசாரிக்காதவர்கள் குறைவு.

உங்கள் உயிர்

இந்த வேலையில் ஆபத்து விலங்குகளைவிட வாகனங்களிடமிருந்தே அதிகம் வருகிறது. தடம் பார்ப்பவரின் கண் எப்போதும் தரையில் இருக்கும். மனமும் அங்கேயே இருக்கும். எனவே தனியாகச் செல்லவே கூடாது. இருவர் செல்லும்போது ஒருவர் தடம் பார்க்க, மற்றவர் வண்டிகளை மட்டும் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளலாம். காவல் நிற்பவர் “அங்கே ஏதோ இருக்கிறதே” என்று தானும் குனிந்துவிடும் கணம்தான் மிக ஆபத்தானது. இதை நானும் ஒருமுறை செய்து, பக்கத்தில் உரசினாற்போல் போன லாரியின் காற்றில் படிவங்கள் பறந்த பிறகே திருந்தினேன்.

எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். தடுப்புக் கம்பி உள்ள இடங்களில் அதற்கு வெளிப்புறமாக நடங்கள். காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம். மூடுபனி, கனமழை, அந்தி இருட்டு ஆகிய நேரங்களில் கணக்கெடுப்பைத் தள்ளிப்போடுங்கள். தார்ப்பரப்பில் ஏதேனும் கிடந்தால் ஓரத்தில் நின்றபடியே படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்; அளவெடுக்கவோ அப்புறப்படுத்தவோ சாலைக்குள் இறங்கக் கூடாது. சாலையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தால், குறுக்கே ஓடிக் கடப்பதைவிட, அந்தப் பக்கத்தை இன்னொரு நடையாகத் திட்டமிடுவதே முறை.

விலங்குகளைப் பொறுத்தவரை விதி எளிது. குட்டியுடன் நடந்த பெரிய விலங்கின் புத்தம்புதிய தடமோ, இன்னும் ஈரம் காயாத இரை மிச்சமோ கண்ணில் பட்டால், அதைப் பின்தொடராமல் வந்த வழியே திரும்புங்கள். புதருக்குள்ளும் மதகுக்குள்ளும் கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்புகளுக்கும் மதகு பிடித்தமான இடம்.

கையில் எடுத்துச் செல்பவை

ஒளிரும் மேலங்கி, கணுக்காலை மூடும் காலணி, தண்ணீர், முதலுதவிப் பை, இரு முழச் சிறு டேப், தட்டையான 15 செ.மீ. அளவுகோல், டார்ச், பென்சில், நனையாத உறையில் படிவங்கள், கையுறை, இருப்பிடம் குறிக்கும் செயலியுடன் கூடிய கைபேசி. பேனா மழையில் கைவிட்டுவிடும். பென்சில் அப்படிச் செய்வதில்லை. இவற்றுக்கு மேல் எதுவும் சுமையே.

எங்கே, எப்போது பார்ப்பது

சாலைப்பகுதியை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிடுவது பின்னால் பெரிய உதவியாக இருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே வேகத்தில் நடந்து பாருங்கள். “இங்கே ஒன்றும் இருக்காது” என்று எண்ணிக் கடந்துபோகும் துண்டுகள்தான் பின்னர் கணக்கைக் கெடுக்கின்றன.

அதேசமயம், மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசாது. மழைநீர்க் கால்வாயில் படிந்த வண்டல், சிறுபாலங்களின் வாய், தார் விளிம்பை ஒட்டிய புழுதி, வேலியில் ஏற்பட்ட இடைவெளி, தடுப்புக் கம்பி முடியும் முனை, ஓடைக்கரை ஆகியவை தடங்கள் நன்கு பதியும் இடங்கள். புல் அடர்ந்த சரிவில் தடம் பதியாது. அங்கே விலங்குகள் பலமுறை நடந்து உண்டாக்கிய ஒற்றையடி வழிகளைத் தேட வேண்டும். அத்தகைய வழி சாலையை எந்த இடத்தில் தொடுகிறது, எதிர்ப்பக்கம் அதன் தொடர்ச்சி தெரிகிறதா என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

பாலங்களை நிதானமாகப் பாருங்கள். நீர்நாய் பாலத்தடிப் பாறைகளின் மேல் எச்சமிடும் பழக்கமுடையது என்பதால்தான் ஐரோப்பாவின் நீர்நாய்க் கணக்கெடுப்புகளில் பாலத்தடி முக்கியமான இடமாக இருந்துவருகிறது. வெள்ளம் பெருகி மதகுக்குள் நீர் வேகமெடுக்கும்போது நீர்நாய் அதனுள் நீந்தாமல் கரையேறிச் சாலைக்கு மேலாகக் கடக்கும், அங்கேதான் அடிபடும். எனவே வெள்ளம் வடிந்த மறுநாள், பாலத்தின் இருபுறக் கரைச்சரிவையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நேரம் என்றால் காலை. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் விழும். உச்சிவெயிலில் அதே தடம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் தடம் இருக்கும்படி நின்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். லேசான மழைக்கு அடுத்த காலை மிகச் சிறந்தது, ஏனெனில் பழைய தடங்கள் அழிந்திருக்கும், இருப்பவை எல்லாம் மழைக்குப் பின் வந்தவை என்று உறுதியாகச் சொல்லலாம். குளிர்நாடுகளில் பனிப்பொழிவு இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐ-90 நெடுஞ்சாலையை ஒட்டிய மலைக்காடுகளில் தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் பனித்தடங்களைப் பதிவு செய்துவந்திருக்கிறார்கள்.

தடப்படுகை அமைத்தல்

மண் தானாக ஒத்துழைக்காத இடத்தில், நாமே ஒரு தடப்படுகை அமைக்கலாம். விலங்குகள் நுழையக்கூடிய வாயிலின் முழு அகலத்துக்கும், குறைந்தது ஒரு மீட்டர் நீளத்துக்குக் கல்லும் சருகும் நீக்கி, சலித்த மண்ணும் மணலும் கலந்து 2 அல்லது 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பிச் சமன்செய்ய வேண்டும். பெரிய விலங்குகள் எதிர்பார்க்கப்படும் இடத்தில் நீளம் இரண்டு மீட்டர் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே எட்டில் தாண்டிவிடும். விரல்நுனியால் அழுத்திப் பாருங்கள்: ரேகை தெரியுமளவுக்குப் பதிந்தால் போதும், விளிம்பு சரிந்தால் லேசாக நீர் தெளியுங்கள்.

எளிய முறைதான் என்றாலும் இதை அலட்சியமாக எண்ண வேண்டாம். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், நெடுஞ்சாலைக்கு மேலும் கீழும் அமைக்கப்பட்ட விலங்குக் கடவைகளின் பயன்பாட்டை 1996இல் தொடங்கிக் கண்காணித்ததே இப்படிச் சமன்செய்த மண்பட்டைகளைக் கொண்டுதான். தானியங்கிக் கேமராக்கள் பின்னால் வந்தவை. கரடி போன்ற சில விலங்குகள் புதிய கடவைக்குப் பழகச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டன என்பதும் அந்த நீண்ட பதிவுகளால்தான் தெரிந்தது. ஓராண்டோடு நிறுத்தியிருந்தால், கரடிக்கு அந்தக் கடவை பயன்படவில்லை என்று எழுதி முடித்திருப்பார்கள்.

தடத்தைப் படித்தல்

முதலில் ஒரே ஒரு தடத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆசையை அடக்குங்கள். ஓர் அடி பின்வாங்கி, தடங்களின் வரிசை முழுவதையும் பாருங்கள்; அதன் பிறகு தெளிவான ஒன்றைத் தேர்ந்து நெருங்குங்கள்.

குளம்பா, விரலா என்பது முதற்பிரிவு. இரட்டைக் குளம்பாக இருந்தால் மான் இனமா பன்றியா என்று பாருங்கள். காட்டுப்பன்றியின் ஒவ்வொரு காலிலும் முக்கியக் குளம்புக்குப் பின்னால் சற்று மேலே உள்ள இரு சிறு குளம்புகள், முன்னுள்ள குளம்புகளைவிட அகலமாக விரிந்து, இரண்டு சிறு பிறைகளைப்போல் சாதாரண நடையிலேயே பதிகின்றன. மானுக்கு அவை ஆழமான சேற்றிலோ பாய்ச்சலிலோ மட்டும் தெரியும். ஆடும் மாடும் மேயும் சாலையோரம் என்றால், அவற்றின் தடத்தை நன்கு பழகிக்கொள்ளாமல் மான் தடம் என்று எதையும் எழுத வேண்டாம்.

நான்கு விரல் என்றால் பெரும்பாலும் பூனை இனமோ நாய் இனமோதான். நாய் இனத்தின் தடம் நீள்வட்டமாகவும், இடம் வலம் ஒத்தும், நகக்குறியுடனும் இருக்கும்; விரல்களுக்கும் உள்ளங்கால் திண்டுக்கும் இடையில் பெருக்கல் குறி ஒன்றை மனத்தால் வரைய முடியும். பூனை இனத்தின் தடம் வட்டமானது, விரல்களில் ஒன்று சற்று முன்தள்ளி நிற்கும், திண்டின் பின்விளிம்பில் மூன்று புடைப்புகள் தெரியும், நகம் பொதுவாகத் தெரியாது. “பொதுவாக” என்ற சொல்லைக் கவனியுங்கள்: வழுக்கும் சேற்றில் பூனையும் நகத்தை ஊன்றும், சிவிங்கிப்புலி எப்போதும் நகத்தோடுதான் நடக்கும், தேய்ந்த நகமுள்ள நாயின் தடத்தில் நகம் தெரியாமலும் போகும். எனவே நகத்தை மட்டும் நம்பாமல் திண்டின் வடிவத்தை நம்புங்கள். சாலையோரத்தில் நீங்கள் பார்க்கும் பெரிய தடங்களில் பெரும்பகுதி வீட்டு நாய்களுடையதாகவே இருக்கும், புதிதாகச் சேருபவர்கள் முதல் வாரத்தில் கண்டுபிடிக்கும் சிறுத்தைகளில் பெரும்பாலானவை குரைக்கக்கூடியவை. வீட்டு நாய் அங்குமிங்கும் அலைந்து மோந்து நடக்கும். நரியும் ஓநாயும் பின்காலை முன்கால் தடத்தின் மேலேயே வைத்து, கோடு கிழித்தாற்போல் நேராகச் செல்லும்.

ஐந்து விரல் என்றால் கீரி, மரநாய், நீர்நாய், கரடி, முள்ளம்பன்றி முதலியவற்றை நினையுங்கள். கரடியின் பின்னங்கால் தடம் மனிதப் பாதத்தை ஒத்திருக்கும், ஆனால் அதன் பெரிய விரல் வெளிப்பக்கம் இருக்கும். முள்ளம்பன்றி நடந்த புழுதியில், தடத்துக்குப் பக்கத்திலேயே முட்கள் துடைப்பம்போல் இழுபட்ட கீற்றுகள் காணப்படும். முயல் தாவும்போது பெரிய பின்கால்கள் சிறிய முன்கால்களைத் தாண்டி முன்னே விழுவதால், அது சென்ற திசையைத் தலைகீழாகப் படித்துவிடுவது எளிது.

திசைதான் இந்தக் கணக்கெடுப்பின் உயிர்நாடி. ஒருமுறை மதகு வாயிலில் சமன்செய்த படுகையில் கீரி ஒன்றின் தடத்தைக் கண்டோம். புதரிலிருந்து நேராக வந்து, படுகையின் நடுவில் இரண்டு முன்கால்களும் சேர்ந்து ஆழமாகப் பதிந்திருந்தன; அதற்குப் பின் அரை வட்டமாகத் திரும்பி, இடைவெளி அகன்ற தாவல்களாகப் புதருக்கே போயிருந்தது. இருபது நிமிடம் கழித்து, எங்கள் தலைக்கு மேல் ஒரு கனரக வண்டி ஏற, மதகு முழுவதும் அதிர்ந்தது. எதனால் திரும்பியது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் “வந்தது, திரும்பியது” என்பது தடத்தில் இருந்தது, அதையே எழுதினோம். ஆகவே ஒவ்வொரு தட வரிசைக்கும் நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: கடந்தது, திரும்பியது, சாலையோடு இணையாகச் சென்றது, தெரியவில்லை. கடந்தது என்று எழுத வேண்டுமானால் மறுபக்கத்திலும் அதே தடம் தொடர வேண்டும்.

தடத்தின் வயதை அறிய, பக்கத்திலேயே உங்கள் விரலை அழுத்தி இரண்டு விளிம்புகளையும் ஒப்பிடுங்கள். தடத்தின் மேல் மழைத்துளிக் குழிகள் இருக்கின்றனவா, எறும்புச் சாரி குறுக்கே போயிருக்கிறதா, டயர் தடம் அதன் மேல் ஏறியிருக்கிறதா, அல்லது டயர் தடத்தின் மேல் விலங்கு நடந்திருக்கிறதா என்றெல்லாம் பாருங்கள்.

மற்ற அடையாளங்கள்

எச்சம், புழுக்கை, மரத்தில் நகக்கீறல், சேறு உரசிய தண்டு, முள்வேலியில் சிக்கிய முடி, கிளறிய மண், உதிர்ந்த முள் எல்லாமே பதிவுக்குரியவை. ஊனுண்ணிகளின் எச்சத்தில் முடியும் எலும்புத் துணுக்கும், மரநாயின் எச்சத்தில் பழக்கொட்டைகளும், நீர்நாயின் எச்சத்தில் மீன் செதிலும் நண்டு ஓடும் தெரியும். கழுதைப்புலியின் எச்சம் எலும்பைத் தின்பதால் காய்ந்து வெளுத்திருக்கும்.

எச்சத்தை வெறுங்கையால் தொடவோ, முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்க்கவோ வேண்டாம். நாய், நரி இனங்களின் எச்சத்தில் மனிதரைத் தாக்கும் நாடாப்புழு முட்டைகள் இருக்கக்கூடும். குச்சியால் பிரித்துப் பார்த்து, படமெடுத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். விலங்குகள் எல்லை குறிப்பதற்காக இட்ட எச்சத்தை அகற்றுவது அவற்றின் அறிவிப்புப் பலகையைப் பிடுங்குவதற்குச் சமம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தேங்கிய சேற்றில் வேலை செய்வதானால், எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால், கால் கை காயங்களை முன்பே மூடிக்கொள்ள வேண்டும்.

அளவும் படமும்

ஒரு தடத்துக்குக் குறைந்தது மூன்று படங்கள் வேண்டும்: நேர் மேலிருந்து அளவுகோலுடன் ஒன்று, தட வரிசை முழுவதும் தெரிய ஒன்று, பின்னணியில் சாலையோ பாலமோ தெரிய ஒன்று. அளவுகோல் தடத்தின் மட்டத்திலேயே கிடக்க வேண்டும். கைபேசியைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகி, பூனை நாயாகிவிடும். நாணயத்தையும் சாவியையும் அளவுக்கு வைப்பதைத் தவிருங்கள்.

நீளத்தையும் அகலத்தையும் பள்ளத்தின் அடித்தளத்தில் அளக்க வேண்டும், சரிந்து விரிந்த மேல்விளிம்பில் அன்று. இளகிய சேற்றில் எந்தத் தடமும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். ஒன்றை மட்டும் அளக்காமல் மூன்று நான்கு தடங்களை அளந்து, எல்லா எண்களையும் எழுதுங்கள். சராசரியைப் பின்னால் யாரும் போட்டுக்கொள்ளலாம்.

பதிவேடு

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், சென்றவர்கள் எத்தனை பேர், நடந்த தூரம், கடைசியாக மழை பெய்த நாள், மண்ணின் தன்மை ஆகியவற்றை நடையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இருப்பிடத்தைத் தசம பாகையில் ஐந்து தசம இடங்கள்வரை குறித்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பம் கிடைக்கும். கைபேசி காட்டும் பிழை அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

எதுவும் காணாத துண்டுக்குச் சுழியம் எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், அங்கே விலங்கு வரவில்லையா, நீங்கள் போகவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. மண் கடினமாகித் தடம் பதிய வழியே இல்லாத துண்டுக்குச் சுழியமும் தவறு. “பார்க்க இயலவில்லை” என்று எழுதுங்கள். மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பாற்றுவது, அரிய விலங்கு ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட மதிப்பு மிகுந்தது என்பது என் துணிபு.

அடையாளத்தின் உறுதியையும் மூன்று நிலைகளில் குறியுங்கள்: உறுதி, பெரும்பாலும், ஐயம். “நாய் இனம், ஐயம்” என்ற பதிவு பயன்படும். “ஓநாய்” என்று துணிந்து எழுதிய தவறு, நூறு சரியான பதிவுகளின் மேலும் சந்தேகத்தை ஏற்றிவிடும்.

அடிபட்ட விலங்குகளைத் தனிப் படிவத்தில் எழுதுங்கள். தவளை, பல்லி போன்ற சிறியவை காக்கையாலும் டயராலும் சில மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், நடந்து பார்த்த எண்ணிக்கையையும் வண்டியில் சென்று பார்த்த எண்ணிக்கையையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. உயிருடன் காயப்பட்டுக் கிடந்தால் நெருங்காமல், முன்பே குறித்துவைத்த மீட்பு எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின்

அன்றிரவே படங்களுக்குத் துண்டு எண்ணும் தேதியும் இட்டு, படிவத்தோடு ஒப்பிட்டு, ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் நினைவு என்பது பாதிக் கற்பனை. குழுவில் இன்னொருவர் உங்கள் குறிப்பைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துத் தனியாக அடையாளம் சொல்லட்டும். இருவர் கருத்தும் மாறுபட்டால் உறுதி நிலையைக் குறைக்க வேண்டும். வேட்டையாடப்படும் விலங்குகளின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் பகிராதீர்கள், படத்தில் இருப்பிடக் குறிப்பு பதிந்திருந்தால் அதையும் நீக்குங்கள்.

தடப்படுகை இருக்கும் இடமாக இருந்தால், கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருக்கும். எல்லாத் தடங்களையும் படமெடுத்துவிட்டோமா என்று ஒருமுறை சரிபார்த்து, உங்கள் காலடிகளையும் சேர்த்து அழித்து, மண்ணை மறுபடி சமன்செய்து, அந்த நேரத்தைப் படிவத்தின் கடைசி வரியில் எழுதுங்கள். அடுத்த முறை வருபவரின் கணக்கு அந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும்.